கரடி வீட்டுக் கடல்

ஒரு காட்டில், அதுவும் கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியாத ஒரு மலைக்காட்டில், ஆவுடையப்பன் என்ற கரடி தன் குகையின் முன்னறையில் கடல் வாங்கி வைத்தார்.

எதற்கு என்று கேட்கக் கூடாது. காட்டெருமை பெரியநாயகம் வீட்டில் சுவர் அகலத்துக்கு டிவி இருந்தது. மலையணில் வீட்டில் சொன்னால் பாட்டுப் பாடும் பெட்டி இருந்தது. கரடி வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்தது ஒரு பெரிய தேனடை. அதை வெளியே காட்டினால் வந்தவர்கள் கொஞ்சம் கேட்டுவிடுவார்கள். பார்க்க மட்டும் முடிகிற, கேட்க முடியாத ஒரு பொருள் கரடிக்கு வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கடற்கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்து சேர்ந்தது கடற்காகம் லாசர்.

"அண்ணாச்சி, சாதா மீன்தொட்டி எல்லாரும் வைக்கிறது. இது பவளத்தொட்டி. பாறை, பவளம், பூ மாதிரி விரியுத கடல்சாமந்தி, மீன், அலை எல்லாம் உள்ளயே இருக்கும். ஒரு துண்டு கடலை வெட்டிக் கொண்டாந்து வீட்டுல வச்ச மாதிரி."

"பாத்துக்கிடறது கஷ்டமோ?" என்று கேட்டார் கரடி.

"சேச்சே! நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். வீட்டுல மதினி இருக்காங்கல்லா?"

மதினி இருந்தாள். உலகம்மாள் என்று பெயர். பிள்ளைகளை எல்லாம் வளர்த்து ஆளாக்கி, ஆளுக்கொரு மலையில் குடிவைத்துவிட்டு, இனிமேலாவது காலையில் ஓடையில் குளித்து விளக்கேற்றிக் கொஞ்ச நேரம் சாமி கும்பிடலாம் என்று நினைத்திருந்தவள். லாசர் அவளைத் தொட்டி முன்னால் நிறுத்திப் பாடம் நடத்தியது. கடல் உப்பை அளந்துதான் கரைக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடு ஏறக் கூடாது. அலை அடிக்கிற மோட்டார் நிற்கக் கூடாது. நீல விளக்கை நேரத்துக்குப் போட வேண்டும், நேரத்துக்கு அணைக்க வேண்டும். சொட்டு மருந்து விட்டுத் தண்ணீரின் நிறம் பார்க்க வேண்டும்.

"அவ்வளவுதான் மதினி. ரொம்ப லேசு" என்று சொல்லிவிட்டு லாசர் பறந்துவிட்டது.

அவ்வளவுதான் என்று சொல்லப்படுகிற வேலை எவ்வளவு என்பது அதைச் செய்கிறவளுக்குத்தான் தெரியும். தொட்டியைச் சுற்றி எங்கே தொட்டாலும் உப்பு பூத்தது. துடைத்தாள். மறுபடி பூத்தது. கண்ணாடியில் பாசி பிடித்தது. சுரண்டினாள். மறுபடி பிடித்தது. ஆவுடையப்பனுக்கும் வேலை இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டுமே.

"இது சாதா பாறை இல்லை, பாத்துக்கோங்க. உயிர்ப்பாறை" என்பார்.

"அப்படியா! உசுரு இருக்கா?"

"பின்னே? உத்துப் பாத்தா மூச்சு விடுததே தெரியும்."

தெரியாது. ஆனாலும் வந்தவர்கள் எல்லாரும் தெரிகிறது என்று தலையாட்டினார்கள்.

இப்படி இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை வந்தால் உலகம்மாள் வீட்டைக் கழுவி, பித்தளைச் சாமான்களைப் புளி போட்டு விளக்கி வைப்பாள். அன்றைக்கு எல்லாம் பளபளவென்று இருக்க, தொட்டிக்குள் அந்தப் பாறை மட்டும் ஊதாவும் பச்சையுமாய் அழுக்குப் பிடித்துக் கிடந்தது. வீட்டுக்கு நாலு பேர் வந்து போகிறார்கள், நம்மைத்தானே குறை சொல்வார்கள் என்று நினைத்தாள். பாறையை வெளியே எடுத்தாள். குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டு நறநறவென்று தேய்த்து, வெள்ளை வெளேரென்று ஆக்கித் திரும்ப உள்ளே வைத்தாள். பின்னாலேயே வந்த ஆவுடையப்பன், "பாவம், வெறும் தண்ணியையே குடிச்சிக்கிட்டுக் கிடக்கு" என்று ஒரு கை தேனைத் தொட்டிக்குள் வழித்துவிட்டார்.

மறுநாள் காலையில் தண்ணீர் மோர் மாதிரி கலங்கியிருந்தது. மஞ்சள் மீன் ஒன்று மல்லாந்து மிதந்தது.

ஆவுடையப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் பெரியநாயகம் குடும்பத்தோடு கடல் பார்க்க வருவதாக இருந்தது. "மானம் போச்சே! எருமை மூஞ்சியில எப்படி முழிப்பேன்!" என்று அழாத குறையாகப் புலம்பினார். மீனுக்காக அவர் புலம்பவில்லை என்பதை உலகம்மாள் கவனித்தாள்.

பக்கத்து மரத்து மந்தி சங்கரவடிவு சத்தம் கேட்டு இறங்கி வந்தாள். அவளுக்குத் தெரியாத விஷயம் காட்டில் கிடையாது. தெரியாவிட்டாலும் சொல்லிவிடுவாள்.

"அண்ணாச்சி, இதுக்குப் போயா அழுதீக? சந்தோஷப்படணும்லா! உங்களுக்கு வர இருந்த பெரிய கண்டத்தை இந்த மீன் வாங்கிக்கிட்டு. வீட்டுல மீன் எதுக்கு வைக்காங்கன்னு நினைச்சீக? நம்ம மேல விழுத கண்ணு, கழிப்பு, காத்து கருப்பு எல்லாத்தையும் அது தன் மேல வாங்கிட்டுப் போயிரும்."

"நெசமாவா?"

"பின்னே, நேத்து உங்க பக்கத்துல ஏதும் விழலையா? நல்லா யோசிச்சுப் பாருங்க."

நன்றாக யோசித்தால் காட்டில் தினமும் யார் பக்கத்திலாவது ஏதாவது விழத்தான் செய்யும். ஆவுடையப்பன் பக்கத்தில் ஒரு காய்ந்த கொப்பு விழுந்திருந்தது. யோசிக்க யோசிக்க அந்தக் கொப்பு பருத்துக்கொண்டே போய், பெரியநாயகம் வந்து சேர்ந்தபோது ஒரு முழு மரமாகிவிட்டது.

உலகம்மாள் புருஷனைத் தனியாகக் கூப்பிட்டாள். "என்னங்க, கண்டமும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் பாறையைப் புளி போட்டுத் தேச்சேன். நீங்க தேனை ஊத்துனீக. அதான் செத்துட்டு."

"வாயை மூடு" என்றார் ஆவுடையப்பன். "வந்தவங்க காதுல விழுந்துரப் போகுது."

வந்தவர்கள் காதில் விழ வேண்டிய கண்டக் கதை ஏற்கெனவே விழுந்துவிட்டது. அன்றிலிருந்து கரடி வீட்டு முன்னால் வரிசை நிற்க ஆரம்பித்தது. நரிக்கு வழக்கு. முயலுக்கு முதுகுப் பிடிப்பு. முள்ளம்பன்றிக்கு மருமகள். ஒவ்வொருவராகத் தொட்டி முன்னால் நின்று கஷ்டத்தைச் சொல்லி, கையால் தலையைச் சுற்றித் தொட்டிப் பக்கம் உதறிவிட்டுப் போனார்கள். நம்பிக்கை அதிகம் உள்ளவர்கள் தண்ணீரில் மஞ்சள்பொடி போட்டார்கள். அதைவிட அதிகம் உள்ளவர்கள் எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்தச் சங்கரவடிவு டோக்கன் கொடுத்தாள். எலுமிச்சம்பழம் பிழிந்தால் மீன் ஏன் சாகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. யாருடைய கஷ்டத்துக்குச் செத்தது என்று மட்டும் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

"எனக்குத்தான் செத்துது! என் டோக்கன்தான் முன்னால!"

"போவே! நான் உதறின உடனே அது கண்ணைச் சொருகுனதை நீ பாக்கலையா?"

மீன் தீரத் தீர லாசர் புது மீன் கொண்டுவந்து இறக்கியது. செத்தவற்றை உலகம்மாள் அகப்பையில் அள்ளி, கொல்லையில் புதைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றுவிட்டு வந்தாள். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் எல்லாரும் கோயிலுக்கும் போகிறவர்கள்தான். ஆனால் சாமியிடம் கஷ்டத்தைச் சொன்னால், நீ என்ன செய்தாய் என்று அவர் திருப்பிக் கேட்டாலும் கேட்பார். மீன் கேட்காது. அந்தச் சௌகரியத்துக்குத்தான் இந்த வரிசை.

ஒரு நாள் மழை தூறியது. தூறியதும் வழக்கம்போலக் காட்டில் கரண்ட் போனது. அலை நின்றது. பார்க்க ஒன்றுமில்லை என்று வரிசை கலைந்தது. ஆவுடையப்பனும் தூங்கப் போய்விட்டார். உலகம்மாள் மட்டும் நீண்ட அகப்பை ஒன்றை எடுத்துவந்து, சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே தொட்டித் தண்ணீரைக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாமத்துக்கு ஒரு கிண்டு.

அப்போது கடல்சாமந்திக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கமும் கிண்டுங்க. மூச்சு முட்டுது."

எட்டிப் பார்த்தால் இரண்டு கோமாளி மீன்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. பெரியவள் சலேத்து. அவள் பக்கத்தில் பாதி அளவில் ஒட்டிக்கொண்டிருந்தவன் அவள் புருஷன் இன்னாசி. தொட்டியில் மிச்சம் இருந்தது அவர்கள் இருவர் மட்டும்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் சலேத்து. "ஊருல உள்ளவங்க கண்டத்தை எல்லாம் நாங்க வாங்கிக்கிடுதோம். எங்க கண்டத்தை யாரு வாங்கிக்கிடுவா?"

உலகம்மாளுக்கு அகப்பை கையில் நின்றுவிட்டது. பிள்ளைகளைப் பெற்றவள் அல்லவா?

"உனக்கு என்ன வேணும், சொல்லு தாயி" என்றாள்.

"பெருசா ஒண்ணும் வேண்டாம். பாறையை விளக்காதீங்க. அதுல ஒட்டிக்கிட்டிருக்கிற கண்ணுக்குத் தெரியாத உசுருதான் எங்க அழுக்கைத் தின்னு தண்ணியைக் காப்பாத்தும். தேன் வேண்டாம், கொஞ்சம் இரை போதும். எலுமிச்சம்பழக்காரங்களைக் கிட்ட விடாதீங்க. எனக்கு முட்டை விடுத காலம் வந்துட்டு. இந்தத் தண்ணியில விட்டா ஒண்ணுகூடத் தேறாது."

உலகம்மாள் அன்றே ஒரு பொய் சொன்னாள். மஞ்சளும் எலுமிச்சையும் தீட்டு, தொட்டிக்குள் போட்டால் கண்டம் போட்டவர் மேலேயே திரும்பும் என்று சங்கரவடிவு காதில் போட்டுவைத்தாள். சாயங்காலத்துக்குள் காடு முழுவதும் அது பழங்காலத்துச் சாஸ்திரம் ஆகிவிட்டது. பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்றினாள். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்தாள். சாமி கும்பிடுகிற நேரம் குறைந்துபோனது. ஆனால் மனசு என்னவோ கும்பிட்ட மாதிரியே இருந்தது.

ரொம்ப நாள் ஒன்றும் நடக்கவில்லை. முதலில் பழுப்பாகப் பாசி படர்ந்தது. பிறகு அது பச்சையானது. பிறகு தானாக உதிர்ந்தது. ஒரு காலையில் நீல விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். செத்துப்போனதாக நினைத்திருந்த பவளம் விரல் விரலாகத் திறந்திருந்தது. ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு பச்சைப் பொட்டு. வெள்ளைப் பாறையில் ஊதா நிறம் திரும்பியிருந்தது. கடல்சாமந்தி பக்கத்தில், பாறை மேல், குங்குமப்பூவைக் கிள்ளி ஒட்டியதுபோல் வரிசையாக முட்டைகள். இன்னாசி துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தான். உலகம்மாள் கண்ணாடி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, வெகுநேரம் ஒன்றும் கேட்காமல் கும்பிட்டாள்.

அவள் அத்தனை பாடுபட்டதற்குப் பலன் கிடைத்துவிட்டது. தொட்டிக்குக் கெட்ட பெயரும் கிடைத்துவிட்டது.

"என்னவே இது, ஒண்ணுகூடச் சாக மாட்டேங்கு?" என்று ஆரம்பித்தது நரி. "நானும் வாரந்தவறாம வந்து உதறிட்டுப் போறேன். வழக்குத் தோத்துப்போச்சு. இங்கன பாத்தா மீனு நல்லாக் கொழுத்துப் போயி இருக்கு."

"நம்ம கஷ்டத்தை வாங்காம, சும்மா தின்னுட்டுத் திரியுது" என்றது முயல்.

"முன்னல்லாம் எப்படிச் செத்துது!" என்று பெருமூச்சு விட்டது முள்ளம்பன்றி. "தண்ணி கலங்கலா, பாத்தாலே கையெடுத்துக் கும்பிடத் தோணும். இப்போ என்னமோ பூத்துக் குலுங்குது. கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு."

பவளம் விரிந்திருக்கிறதே, முட்டை இருக்கிறதே, எவ்வளவு அழகு என்று ஒரு வாய் சொல்லவில்லை. வரிசை குறைந்தது. ஆவுடையப்பன் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்க நேர்ந்தது. இது போதாதென்று பெரியநாயகம் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் மகள் கல்யாணம் தட்டிக்கொண்டே போகிறதாம். வெள்ளிக்கிழமை சொந்தபந்தத்தோடு வந்து தோஷத்தை இறக்கிவைக்கப் போகிறாராம். மீன் செத்தால் சரி. சாகாவிட்டால் கரடி ஏமாற்றுக்காரன் என்று காடு முழுக்கச் சொல்லப்போகிறாராம்.

"தொட்டியில சக்தி போயிட்டு அண்ணாச்சி" என்றாள் சங்கரவடிவு. "சுத்தம் கூடிப்போச்சு. அதான்."

"எருமை பேச ஆரம்பிச்ச உடனே நான் அலை மோட்டாரை நிறுத்திருதேன்" என்றார் ஆவுடையப்பன் தாழ்ந்த குரலில். "ஒரு கிண்ணம் தேனையும் உள்ள விட்டுருதேன். மூச்சு முட்டித் தானா மிதக்கும்."

அடுப்படியில் இருந்த உலகம்மாள் காதில் அது விழுந்தது. ஓடிவந்தாள். "ஐயோ, வேண்டாங்க! அது முட்டை விட்டிருக்கு! புள்ளைத்தாச்சி மாதிரிங்க அது!"

"அதனால என்ன? லாசர்கிட்டச் சொன்னா வேற மீன் வந்துரும்" என்றார் அவர். "போன மானம் வருமா?"

அவர் குளிக்கப் போனதும் உலகம்மாள் தொட்டி முன்னால் நின்று அழுதாள். விஷயத்தைக் கேட்டு இன்னாசி விசிறுவதை நிறுத்திவிட்டான். சலேத்து அவனை ஒரு இடி இடித்தாள். "நீரு விசிறும். நிறுத்தாதேயும்." பிறகு கண்ணாடி ஓரமாக வந்தாள்.

"அக்கா, அவங்களுக்கு நான் சாகணுமா? இல்லை, செத்த மாதிரி தெரிஞ்சாப் போதுமா?"

உலகம்மாள் யோசித்துப் பார்த்தாள். இத்தனை பேரில் ஒருவர்கூட இதுவரை ஒரு மீனின் முகத்தைப் பார்த்ததில்லை. வயிற்றை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள், அது மேலே வந்த பிறகு.

"தெரிஞ்சாப் போதும் தாயி" என்றாள்.

வெள்ளிக்கிழமை பெரியநாயகம் வந்தார். பெண்டாட்டி, மகள், மைத்துனன்மார், கொம்புக்கு எண்ணெய் போட்ட பெரிய கூட்டம். ஆவுடையப்பன் ஒரு கையில் தேன் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, மறு கையை மோட்டார் சுவிட்ச் பக்கம் நகர்த்தினார். உலகம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பெரியநாயகம் தொண்டையைச் செருமினார். "என் மகளுக்கு..."

அவ்வளவுதான். சலேத்து ஒரு துள்ளு துள்ளினாள். தலைகீழாக ஒரு சுற்று சுற்றினாள். வாயைப் பிளந்தாள், கண்ணைச் சொருகினாள், மல்லாந்தாள், மிதந்தாள்.

"இன்னும் நான் சொல்லவே இல்லையே!" என்றார் பெரியநாயகம்.

"சொல்லுததுக்கு முன்னாலயே வாங்கிட்டு!" என்று அலறினாள் சங்கரவடிவு. "யாத்தாடி! எப்பேர்ப்பட்ட தோஷமா இருந்தா இப்படி வாயைத் திறந்த உடனே போகும்!"

காட்டெருமைக் கூட்டம் தடதடவென்று தரையில் விழுந்து கும்பிட்டது. பெரியநாயகம் தேம்பித் தேம்பி அழுதார். "எனக்காக உசுரை விட்டுட்டாளே! உத்தமி! மகராசி!" மைத்துனன் ஒருவன் கழுத்து மாலையைக் கழற்றித் தொட்டிக்குப் போட்டான். சுவிட்சுக்கு வேலையில்லாமல் போன ஆவுடையப்பன், தேனைத் தானே நக்கிக்கொண்டு, தன் தொட்டியின் சக்தியைத் தானே நம்பிக் கண்கலங்கினார்.

உலகம்மாள் அகப்பையில் தண்ணீரோடு சலேத்துவை அள்ளினாள். "அடக்கம் பண்ணிட்டு வாரேன்" என்று உள்ளே போய், ஒரு பானைக் கடல்தண்ணீரில் வைத்திருந்து, கூட்டம் கலைந்ததும் திரும்பக் கொண்டுவந்து விட்டாள். மறுநாள் வந்தவர்களிடம் ஆவுடையப்பன், "புது மீன். லாசர் கொண்டாந்தது" என்று தானாகவே விளக்கம் சொன்னார்.

அது முதல் சலேத்து வெள்ளிக்கிழமைதோறும் செத்தாள். நரிக்குச் செத்தாள், முயலுக்குச் செத்தாள். முள்ளம்பன்றியின் மருமகள் வந்து மாமியாரைப் பற்றி முறையிட்டபோது அவளுக்கும் செத்தாள். நன்றாகச் சாகத் தெரிந்த பிறகு, வாய் ஓரமாக ஒரு குமிழிகூட விட்டாள். வாரத்தின் மற்ற நாட்களில் தொட்டிப் பக்கம் யாரும் வருவதில்லை. அந்த அமைதியில் ஒரு பொழுது மங்குகிற நேரத்தில் முட்டைகள் பொரிந்தன. கண் மட்டும் இருக்கிற கண்ணாடித் துணுக்குகளாகக் குஞ்சுகள் நீந்தின. உலகம்மாள் அவற்றைச் சல்லடைத் துணி கட்டிய தனி ஜாடியில் விட்டு வளர்த்தாள். எல்லாம் பிழைக்கவில்லை. பிழைத்தவை வெள்ளைப் பட்டை போட ஆரம்பித்தன.

அதற்குள் உலகம்மாளுக்குத்தான் இடுப்பு ஒடிந்துவிட்டது. தொட்டி வேலை, ஜாடி வேலை, வருகிற கூட்டத்துக்குக் காப்பி. ஒரு வெள்ளிக்கிழமை, "ஏ, காப்பி எங்க? எவ்வளவு நேரம்? மாடு மாதிரி நிக்கே!" என்று ஆவுடையப்பன் வந்தவர்கள் முன்னால் சத்தம் போட்டார். அதே மூச்சில், சற்றுமுன் செத்த சலேத்துவுக்கு மாலை சாத்தி, "தெய்வம்யா இது" என்றார்.

உலகம்மாள் காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். மீனைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். பிறகு முன்னறை நடுவில் தொபுக்கென்று மல்லாந்து, நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டாள்.

"ஐயோ, உலகு!" என்று அலறினார் ஆவுடையப்பன். அந்தப் பெயரை அவர் சொல்லி அவள் கேட்டது கல்யாணமான புதிதில்தான்.

"அண்ணாச்சிக்கு வர இருந்ததை மதினி வாங்கிக்கிட்டா!" என்று மாரில் அடித்துக்கொண்டாள் சங்கரவடிவு.

"எப்பேர்ப்பட்ட பொம்பளை! ஒரு நாள் உக்காந்து சாப்பிட்டிருப்பாளா? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருப்பாளா?" என்றார் ஆவுடையப்பன். சங்கரவடிவு மாலையைத் தொட்டியிலிருந்து எடுத்து உலகம்மாள் கழுத்தில் போட்டாள். நரி விசிறியது. முயல் காலைப் பிடித்துவிட்டது. யாரோ, "தண்ணி மாத்துத நேரமாச்சே, இனிமே யாரு மாத்துவா?" என்று கேட்க, ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாழ்க்கையில் முதல்முறையாக உப்புப் பானையைத் தூக்கினார்.

உலகம்மாள் ஒரு கண்ணை மெதுவாகத் திறந்து பார்த்தாள். தொட்டியில் மல்லாந்து மிதந்த சலேத்துவும் ஒரு கண்ணைத் திறந்திருந்தாள்.

"அக்கா, சிரிக்காதீங்க" என்று கிசுகிசுத்தாள் சலேத்து. "வயிறு குலுங்குது. சாப்பாடு படைச்சுக் கும்பிடுவாங்க, அதுவரைக்கும் அப்படியே கிடங்க."

நீதி: உயிரோடு இருந்து உழைப்பவருக்கு இன்னும் கொஞ்சம் வேலைதான் கிடைக்கும். வீட்டில் மாலை மரியாதையோடு நீடூழி வாழ விரும்புகிறவர்கள் வாரத்துக்கு ஒரு தடவையாவது தவறாமல் செத்துப்போகவும்.